கிருஷ்ணகிரி என்றொரு தேர்வுச்சொல்

கிருஷ்ணகிரி என்ற பெயருக்குத் தமிழில் ஆறு எழுத்து. கன்னடத்திலும் தெலுங்கிலும் நான்கே எழுத்து. தமிழ் வடிவம் பக்கவாட்டில் வரிசை கட்டி நீள்கிறது. புள்ளியும் மேல்விலங்கும் தலைக்கு மேலே ஏறுகின்றன, காலடியில் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. அண்டை மொழிகள் இரண்டிலும் முதலெழுத்தின் உயிர்க்குறி வலப்புறம் கீழிறங்குகிறது. அடுத்த எழுத்தில் ஷகரத்தின் அடியில் ணகரம் ஒத்தெழுத்தாக அமர்கிறது. ஒரே ஊர்ப்பெயர் ஒரு மொழியில் நீளுகிறது, இரண்டு மொழிகளில் ஆழ்கிறது. மூன்றையும் ஒரே பாய்ன்ட் அளவில் ஒரே பலகையில் அடுக்கிப் பாருங்கள். எழுத்துரு செய்தவரின் உழைப்பு எவ்வளவு, மென்பொருள் செய்தவரின் அக்கறை எவ்வளவு, பலகை செய்தவரின் கண் எவ்வளவு என்பதெல்லாம் வெளிப்பட்டுவிடும். தமிழ் எழுத்துருவியலுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுச்சொல்லை நான் கண்டதில்லை.

இந்தத் தேர்வு ஓசூரில் நாள்தோறும் நடக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 40 கிலோமீட்டரில் பெங்களூரு. சிப்காட் வளாகங்களின் வாயிற்பலகைகள், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய பட்டறைகளின் பிளெக்ஸ்கள், மாங்கூழ் ஆலைகளின் டின் லேபிள்கள் எல்லாமே இரண்டு எழுத்துமுறைக்குக் குறையாமல் கேட்கின்றன. பல நேரம் நான்கு கேட்கின்றன. ஆகவே வடிவமைப்பு மென்பொருள்களின் ‘மேம்பட்ட எழுத்துரு வசதிகள்’ எவ்வளவு மேம்பட்டவை என்பதை எடைபோட இந்த எல்லையையே உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். எடைத்தட்டில் வைப்பவை இரண்டு. ஒன்று, மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கி 2022-இல் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் வெளியான அனேக் குடும்பம். மற்றொன்று, இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், கோரல் டிரா முதலிய செயலிகள் அத்தகைய எழுத்துருவைக் கையாளும் முறை.

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்வோம். லத்தீன் எழுத்துக்கு ஓப்பன்டைப் வசதி என்பது பெரும்பாலும் விருப்பத் தேர்வு. சிறு தலைப்பெழுத்து, அலங்கார வால், பின்ன எண் ஆகியவை இருந்தால் அழகு கூடும். இல்லாவிட்டாலும் சொல் சொல்லாகவே நிற்கும். தமிழுக்கு அப்படியில்லை. ‘கொ’ என்பது கோப்பில் ககரமும் அதைத் தொடரும் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். உகர, ஊகார வரிசைகளில் மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. ‘டி’யில் விலங்கு டகரத்தோடு ஒட்டியே பிறக்கிறது. இவை அனைத்தையும் எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகளும், அவற்றைப் படித்து நிறைவேற்றும் எந்திரமும் சேர்ந்தே செய்கின்றன. லத்தீனுக்கு ஒப்பனையாக இருப்பது தமிழுக்கு எழுத்திலக்கணம். ஆகவே ஒரு செயலி தன் பட்டியலில் எத்தனை வசதி காட்டுகிறது என்பதை வைத்து நான் அதை மதிக்கப்போவதில்லை. என் கேள்விகள் மூன்று: எழுத்தைச் சரியாக உருவாக்குகிறதா? அதன் அகலத்தை நேர்மையாகக் கையாள்கிறதா? அதன் உயரத்தை அறிகிறதா?

உருவாக்கத்தில் தீர்ப்பு பெரும்பாலும் சாதகமே. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. இன்டிசைன் சிஎஸ்6 வெளியான 2012-இல்தான் இந்திய மொழிகளுக்கு முறையான வரியமைப்பு எந்திரம் கைக்கு வந்தது. அதன் பிறகும் இயல்புநிலையில் ஓடியது வேறொரு எந்திரம். பத்தி அமைப்புப் பட்டியலுக்குள் போய் ‘வேர்ல்டு ரெடி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு தன் இடத்துக்கு வரும். இல்லஸ்ட்ரேட்டரில் இன்னும் ஒரு படி உண்டு: விருப்பத்தேர்வுகளில் இந்திய மொழி அமைப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் உரிய எந்திரத்தையே காண முடியும். அண்மைப் பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல எந்திரம் இன்டிசைனுக்குள் வந்தபின் எழுத்து உடைவது பெரிதும் குறைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம் உலாவியிலும் லிப்ரே ஆபிஸிலும் தமிழைக் கோத்துத் தருவது இதே ஹார்ஃப்பஸ்தான். சந்தா கட்டி வாங்கும் செயலி இலவச உலாவியின் தரத்தைத் தாமதமாகத்தான் எட்டியது என்பதைப் பதிவுசெய்வது திறனாய்வாளன் கடமை. இன்க்ஸ்கேப் எந்த மறைவிசையும் கேட்காமல் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ணப் பணியோட்டத்தில் அது பலவீனமாக இருப்பதால் ஓசூர் மேசைகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பழைய முறைக்கும் இங்கே நியாயம் செய்ய வேண்டும். இப்பகுதியின் டிடிபி கடைகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி வகை எழுத்துருக்களும் கன்னடத்துக்கு நுடியும் இன்றும் ஓடுகின்றன. இவற்றைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது, அது தவறு. பழைய குறியேற்றத்தில் கொம்பு, ககரம், கால் மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சாகின்றன. செயலிக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய கோரல் டிராவிலும் எழுத்து உடையாது. நம்பகம் என்ற ஒரே குணத்தில் இந்த எழுத்துருக்கள் யூனிகோடை நெடுங்காலம் வென்றன. இழப்போ பெரிது. ஒரு கடையில் அடித்த உரை மறுகடையில் குப்பையாகிறது, தேட முடியாது, கன்னடப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் இருவேறு மென்பொருளில் அடித்து ஒட்ட வேண்டும். எழுத்துருவுக்கு வெளியே அந்த உரைக்கு உயிரில்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் தேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த பிறகும் கடைகள் மாறாததற்குப் பழக்கம் ஒரு காரணம். மாறியவர்களை மென்பொருள் நெடுநாள் கைவிட்டது அதைவிட வலுவான காரணம்.

இனி அகலம். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்பது அரசு வலியுறுத்தும் விகிதம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் கன்னட மொழி முழுமை வளர்ச்சிச் சட்டம், 2024-இல் திருத்தப்பட்ட வடிவில், பலகையின் 60 விழுக்காடு கன்னடமாகவும் அது மேற்பாதியிலும் இருக்க வேண்டும் என்கிறது. ஓசூரில் தலைமை இடமும் பெங்களூரில் கிளையும் வைத்திருக்கும் ஒரு பட்டறை, ஒரே பெயருக்கு இரண்டு பலகை செய்தாக வேண்டும். இரண்டு மாநிலங்களும் எழுத்துக்கு விகிதம் வகுத்துவிட்டன. அந்த விகிதத்தைக் கண்ணுக்கு நேர்மையாக அமைக்கும் வேலை டிசைனரின் மேசைக்கு வந்து சேர்கிறது.

அங்கே நடப்பது பெரும்பாலும் நசுக்கல்தான். ‘காம்போனெண்ட்ஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பலகைகளில் அடிக்கடி காணக்கிடைப்பது. தமிழ்க் கணக்கில் ஏழு எழுத்து. ஆனால் கா, போ, னெ மூன்றும் காலும் கொம்புமாக விரிவதால் அச்சில் நிற்கும் உருவங்கள் பதினொன்று. ஆங்கிலத்தில் பத்தே எழுத்து, அவையும் ஒடுக்கமானவை. பெரிதாக இருக்க வேண்டிய தமிழ் வரி பலகைக்குள் அடங்காது. உடனே மவுஸ் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. செங்குத்துக் கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் தடிமன் மாறாமல் நிற்கின்றன, சுழிகள் முட்டையாகின்றன. மெலிவை மறைக்கச் சுற்றிலும் அவுட்லைன் ஏற்றுகிறார்கள். ணகரத்தின் உள்வெளிகள் அடைபட்டுவிடுகின்றன. விகிதம் காக்கப்பட்டது, எழுத்து சிதைந்தது. வேறு சில பலகைகளில் நேர்மாறான பிழை: இடம் மிஞ்சியதென்று எழுத்து இடைவெளியைக் கூட்டியதில் கொம்பு தன் மெய்யை விட்டு விலகி, முந்தைய எழுத்தின் வால்போல நிற்கிறது. எழுத்துக்கும் உருவத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாத கருவி, தெரிந்த கையையும் தவறச் செய்கிறது.

அனேக்கின் முதற்பெருஞ்சாதனை இங்கேதான். இது மாறுநிலை எழுத்துரு. 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த அந்த முறையில், ஒரே கோப்புக்குள் தடிமனும் அகலமும் இடையறாத அச்சுகளாக ஓடுகின்றன. அனேக்கில் தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை. அகலத்தைக் குறைக்கும்போது கோட்டின் தடிமன் வடிவமைப்பாளர் தீர்மானித்தபடியே நிற்கிறது. சுழி சுழியாகவே ஒடுங்குகிறது. உள்வெளி திட்டமிட்டுச் சுருங்குகிறது. மவுஸின் நசுக்கலும் அச்சின் ஒடுக்கலும் ஒரே அகலத்தில் முடியலாம். முன்னது எழுத்துக்கு நேரும் விபத்து, பின்னது எழுத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் முன்கூட்டியே வரைந்து வைத்த விடை. இல்லஸ்ட்ரேட்டரும் போட்டோஷாப்பும் 2018 பதிப்பிலிருந்தும், இன்டிசைனும் கோரல் டிராவும் 2020 பதிப்பிலிருந்தும் இந்த அச்சுகளைத் தருகின்றன. பலகைத் தொழிலுக்கு இந்தப் பத்தாண்டில் கிடைத்த மிகப் பயனுள்ள ஒற்றை வசதி இது என்பேன். இதைத் தொடாத டிசைனருக்கு மற்ற வசதிகள் எதுவும் பெரிதாக உதவப்போவதில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழிலும் அகல அச்சு உண்டு, 62.5 வரை இறங்கும், அனேக்கைவிடக் கூடுதலாகவே ஒடுங்கும். ஆனால் நோட்டோவின் குறிக்கோள் எந்த எழுத்தும் விடுபடாமல் இருப்பது. குணம் அதற்கு இரண்டாம் பட்சம். தொலைவிலிருந்து பார்க்கும் வாயிற்பலகையில் அது பிழையில்லாமல் இருக்கும், மனத்தில் நிற்காது. கட்டமரன் தமிழுக்குள் ஒன்பது தடிமன் தந்த அழகிய முயற்சி. கன்னடத்துக்கு அதில் துணையில்லை. ஏக் டைப்பின் முந்தைய முக்த வரிசைக்கும் இதே குறை. பலூவுக்கு இந்த எல்லையில் தனிச் சிறப்பு உண்டு. அதன் தமிழ் வடிவத்தின் பெயர் தம்பி, கன்னடத்தில் தம்ம, தெலுங்கில் தம்முடு. மூன்று மொழியிலும் இளைய உடன்பிறப்பு. உருண்ட, தடித்த, சிரிக்கும் எழுத்து. பேக்கரிக்கும் குழந்தைகள் கடைக்கும் அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. துல்லிய உதிரிபாகம் செய்யும் ஆலையின் வாசலில் அது பொருந்தாது.

அனேக் இவற்றை முந்துவது ஒருமைப்பாட்டினால். தமிழ், கன்னடம், தெலுங்கு, தேவநாகரி, ஒடியா உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் லத்தீனும் ஒரே தடிமன் ஏணியிலும் ஒரே அகல ஏணியிலும் நிற்கின்றன. ஒடியாவையும் தேவநாகரியையும் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு: சிப்காட் ஆலைகளுக்குள் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வேண்டிய தொழிலாளர் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ‘கையை உள்ளே விடாதே’ என்ற வரி எந்த மொழியிலும் இளைத்துத் தெரியக் கூடாது. நான்கு எழுத்துமுறைகளும் சமமான கருமையில் ஒரு பலகையில் நிற்பது தொழிற்சாலைக்குள் ஒருவரின் விரலைக் காக்கும் விஷயம்.

குறைகளுக்கு வருகிறேன். ஒருமைப்பாட்டுக்கு அனேக் விலை கொடுத்திருக்கிறது. தமிழ் அதில் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் வட்டத்தை உயிர்நாடியாகக் கொண்டவை. தமிழின் குணம் கிடைக்கோட்டுக்கும் வளைவுக்கும் நடக்கும் உரையாடலில் இருக்கிறது: டகரத்தின் நேர்முகம், தகரத்தின் வளைகால், அகரத்தின் சுழி. எல்லா எழுத்துமுறைகளுக்கும் பொதுவான தோள்வளைவையும் ஏறத்தாழச் சீரான கோட்டுத் தடிமனையும் வகுக்கும்போது இந்த உரையாடல் அடங்கிப்போகிறது. அனேக் தமிழ் தவறாக இல்லை, அந்நியமாகவும் இல்லை. ஆனால் தமிழை மட்டும் மனத்தில் வைத்து வரைந்த எழுத்தின் வீறு அதில் குறைவு. 75 அகலமும் 800 தடிமனும் சந்திக்கும் மூலையில் ண, ஷ, ஜ ஆகியவற்றின் உள்வெளிகள் நெருக்கமாகின்றன. அந்த மூலைக்குத்தான் 5:3:2 பலகை டிசைனரைத் தள்ளுகிறது என்பதால் இதைச் சிறு குறையென்று விட மனமில்லை. தடிமனை 600 அளவில் நிறுத்தினால் எழுத்து மூச்சுவிடுகிறது.

இன்னொரு குறை வடிவத்தில் இல்லை, பொதியில் இருக்கிறது. அனேக் தமிழும் அனேக் கன்னடமும் தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் அந்த எழுத்துமுறையும் லத்தீனும் மட்டும். மூன்று மொழி வரியை ஒட்டினால் மற்ற இரண்டு மொழிகள் கட்டமாகவோ வேறு எழுத்துருவாகவோ வரும். ஜப்பானியத்துக்கு எழுத்துருக்களைக் கலந்து ஒன்றாக்கும் கலப்பு எழுத்துரு வசதியை இன்டிசைன் எப்போதோ தந்துவிட்டது, நமக்குத் தரவில்லை. ஆனால் அதே செயலியில் ஒரு மாற்றுவழி கிடக்கிறது, வெகுசிலரே தொடுவது: கிரெப் ஸ்டைல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் யூனிகோடில் தலா 128 இடங்கள் கொண்ட தனித்தனித் தொகுதிகள் உள்ளன. தமிழ்த் தொகுதியில் விழும் எழுத்துக்கு அனேக் தமிழ், கன்னடத் தொகுதிக்கு அனேக் கன்னடம் என்று ஒருமுறை விதி எழுதிவிட்டால், அதன்பின் எந்த வரியை ஒட்டினாலும் எழுத்துரு தானே பிரிந்து அமரும். தடிமனையும் மொழிவாரியாகச் சற்றே ஏற்றி இறக்கலாம். பன்மொழி லேபிள்களுக்கு இது பொன்னான கருவி. இல்லஸ்ட்ரேட்டரிலும் கோரல் டிராவிலும் இதற்கு நிகரானது இல்லாததும், பலகை வேலை முழுதும் அவ்விரண்டிலேயே நடப்பதும் இந்த வட்டாரத்தின் துரதிர்ஷ்டம்.

லேபிள் என்றதும் மாங்கூழ் டின்னைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. இங்கே ‘பெங்களூரா’ என்று அழைக்கும் தோதாபுரி மாம்பழத்தின் கூழ் கிருஷ்ணகிரியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. வலமிருந்து இடம் ஓடும் அரபு, ஆங்கிலம், உள்ளூர் விற்பனைக்குத் தமிழ் என மூன்று போக்குகள் ஒரு டின்னின் வளைவில் சந்திக்கின்றன. அதே ‘வேர்ல்டு ரெடி’ எந்திரம் அரபையும் தமிழையும் ஒரே பத்தியில் பிழையின்றி ஓட்டுகிறது. அதற்குரிய பாராட்டைத் தயங்காமல் தருகிறேன். ஆனால் கோப்பு அச்சகத்துக்குப் போகும் முன் ‘கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க’ என்ற கட்டளை வருகிறது. எழுத்து முழுதும் கோட்டோவியமாக உறைகிறது. அச்சகத்தில் எழுத்துரு மாறிவிடுமோ என்ற நியாயமான அச்சத்தில் பிறந்த வழக்கம் இது. அடுத்த ஆண்டு விலையோ முகவரியோ மாறும்போது மூலக்கோப்பு கிடைக்காது. பழைய கோட்டோவியத்தின் மேல் வேறு எழுத்துருவில் ஒரு வரி ஒட்டப்படும். ஒரே டின்னில் இரண்டு தமிழ். எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பொதித்து அனுப்புவது எல்லாச் செயலிகளிலும் நெடுநாளாகவே உள்ள வசதி. இந்தக் குறையை மென்பொருளின் கணக்கில் எழுத மாட்டேன்.

அலங்கார வசதிகளைச் சுருக்கமாகவே பார்க்கிறேன். ஓப்பன்டைப்பில் எழுத்துருவுக்கு 20 வரை மாற்றுவடிவத் தொகுதிகள் வைக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா, ணா முதலிய வடிவங்களை ஒரு தொகுதியாகத் தந்து, பழமை தோன்ற வேண்டிய இடத்தில் ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளும் வசதி தமிழுக்கு இயல்பானது. இதைச் செய்து தரும் எழுத்துருக்கள் வரவேற்கத்தக்கவை. ‘ஸ்ரீ’யில் கவனம் வேண்டும்: ஸகரத்தில் தொடங்கும் வரிசையும், யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வரிசையும் ஒரே கூட்டுவடிவத்தைத் தரலாம். கண்ணுக்கு ஒன்று, கோப்பில் இரண்டு. இப்பகுதிக் கடைப்பெயர்களில் பாதி அந்த எழுத்தில்தான் தொடங்குகிறதோ என்று தோன்றும் அளவுக்கு அது மலிந்திருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

கடைசிக் கேள்வியான உயரத்தில்தான் என் பெரிய மனக்குறை. 5:3:2 என்பதைக் கணக்கில் இடுவோம். 10 அடி அகலம், 4 அடி உயரமுள்ள பலகை. வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் தமிழுக்கு 2 அடிப் பட்டை, ஆங்கிலத்துக்கு 1.2 அடி, கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ 0.8 அடி. தமிழ் தன் பட்டையில் மேலே விலங்குக்கும் புள்ளிக்கும் இடம் விட வேண்டும், கீழே ‘ரு’ போன்றவற்றின் காலுக்கும் விட வேண்டும். எழுத்தின் உடல் பட்டையில் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அது 1.2 அடி. ஆங்கிலத்தைத் தலைப்பெழுத்தில் இட்டால் மேலேயும் கீழேயும் எதுவும் நீளாது, தன் 1.2 அடியை முழுதும் நிரப்பிவிடும். காகிதத்தில் ஐந்துக்கு மூன்று. கண்ணுக்கு இரண்டும் சமம். கன்னடத்தின் நிலை இன்னும் மோசம்: 0.8 அடிக்குள் ஒத்தெழுத்தும் தொங்க வேண்டியிருப்பதால் உடலுக்குப் பாதிதான் மிஞ்சும். ஓசூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் கன்னட, தெலுங்கு வாசகருக்கு அந்த வரி வெறும் கோலமாகிவிடுகிறது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் இதே அநீதி தமிழ் வரிக்கு நேர்கிறது.

இதைச் சரிசெய்யும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்று முதலில் மகிழ்ந்தேன். இல்லஸ்ட்ரேட்டர் 2021 பதிப்பில் எழுத்தின் அளவை எதைக்கொண்டு அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் வந்தது. அதில் நான்கு தேர்வு: எழுத்துப் பெட்டி, லத்தீன் தலைப்பெழுத்தின் உயரம், லத்தீன் சிற்றெழுத்தின் உயரம், சீன ஜப்பானிய எழுத்துகளுக்கான பெட்டி. தமிழ் உடலின் உயரத்துக்கு இடமில்லை. அனேக் தமிழைத் தேர்ந்து முதல் தேர்வைத் தவிர எதை அழுத்தினாலும், அந்தக் கோப்பிலுள்ள லத்தீன் எழுத்தின் அளவோ சீனப் பெட்டியோதான் அடிப்படையாகிறது. இது எழுத்துருக் கோப்பின் அமைப்பினால் வந்த தடை என்றும் சொல்ல முடியாது. லத்தீன் எக்ஸின் உயரத்துக்கும் ஹெச்சின் உயரத்துக்கும் கோப்பில் தனிப் புலங்கள் உண்டு என்பது சரி. ஆனால் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் அதன் அடிக்கோட்டையும் மேல்கீழ் எல்லைகளையும் தனியே பதியும் அட்டவணை ஒன்றும் ஓப்பன்டைப்பில் உண்டு. எழுத்துரு செய்பவர் அதை நிரப்பி, செயலி செய்பவர் அதைப் படித்தால் போதும். இடம் இருந்தும் யாரும் அமரவில்லை.

பிளெக்ஸுக்கு முன்பு இதே சாலையில் பலகை எழுதிய ஓவியர்கள் சுண்ணாம்பு நூல் அடித்து இரண்டு கோடு போட்டார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே எழுத்தின் உடல் நிற்கும். விலங்கும் புள்ளியும் மேல்கோட்டைத் தாண்டும், ஒத்தெழுத்து கீழ்கோட்டைத் தாண்டும். பக்கத்தில் கன்னடம் எழுதும்போதும் உடலுக்கு உடல்தான் ஒப்பிட்டார்கள். பெட்டியை அளக்காமல் எழுத்தை அளந்த அந்த முறை, நுட்பத்தில் இன்றைய பட்டியலைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கையெழுத்துக் கலையின் மீதுள்ள ஏக்கத்தால் இதைச் சொல்லவில்லை. அளவீட்டு முறையாகவே அது சரியானது.

ஆகவே என் தீர்ப்பு பிரிந்தே வருகிறது. அனேக் வாயிற்பலகைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் இன்று கிடைப்பவற்றுள் முதல் தேர்வு. தமிழின் தனிக்குணத்தை நாடும் நூலுக்கும் நுண்ணெழுத்து லேபிளுக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செயலிகள் உருவாக்கத்தில் தேறிவிட்டன, தாமதமாக. அகலத்தில் மாறுநிலை அச்சினால் தேறின, அதைப் பயன்படுத்தும் கைக்கு மட்டும். உயரத்தில் தவறிவிட்டன. நான்கு தேர்வு உள்ள அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக எழுத்துமுறையின் உடலுயரம் என்று ஒன்று சேரும்வரை இந்த மதிப்பெண்ணை மாற்ற இயலாது. அதுவரை ஓசூர் டிசைனர் செய்யக்கூடியது இது: இரண்டு கைடு கோடு இழுத்து, ‘கிருஷ்ணகிரி’யின் ணகரம் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் தொடும்வரை தமிழைப் பெரிதாக்கி, அதே கோடுகளை நகலெடுத்து ஐந்துக்கு மூன்றாகக் குறைத்து ஆங்கிலத்தின் தலைப்பெழுத்தையும், ஐந்துக்கு இரண்டாகக் குறைத்துக் கன்னட ஷகரத்தின் உடலையும் அவற்றுள் நிறுத்த வேண்டும், ஒத்தெழுத்து கோட்டுக்கு வெளியே தாராளமாகத் தொங்கட்டும்.